நோயின் நெருப்பும் நுண்சத்துக் கணக்கும்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார விழிப்புணர்வு நாளன்று, நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலையில் பேசிய மருத்துவர் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நீரிழிவைப் பற்றியும் தெளிவாக எடுத்துரைத்தார். நான் மருத்துவன் அல்லன். 34 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த வேலையைத்தான் இன்று செய்யப் போகிறேன். ஒரு கணக்கை எப்படிப் படிப்பது, ஓர் எண்ணைக் கண்டால் அதிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யலாகாது என்பதைச் சொல்லப் போகிறேன். அந்த எண் மருத்துவமனை இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் எண் என்பதுதான் வேறுபாடு.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நமது ஆலயத்தின் மருத்துவ உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. கோவிட் காலத்திலும் அதற்குப் பின்னரும் சக்கர நாற்காலிக்கும், பால் மாவுக்கும், போக்குவரத்துச் செலவுக்கும் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றோடு விட்டமின் மாத்திரைகளுக்கும் சத்து மருந்துகளுக்கும் உதவி கேட்டு வந்தவர்களும் கணிசமானவர்கள். மாதம் 400 வெள்ளி, 600 வெள்ளி என்று கடனாக வாங்கிச் செலவழித்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் கையில் ஓர் இரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கும். விட்டமின் டி குறைவு, துத்தநாகம் குறைவு என்று அதில் எழுதியிருக்கும். “பாருங்கள் சார், இது குறைந்ததால்தான் நோய் முற்றிவிட்டது” என்பார்கள். குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் குறைந்ததா? இந்த ஒரு கேள்விதான் இன்றைய என் உரை முழுவதும்.

நுண்சத்து என்றால் என்ன?

நாம் உண்ணும் சோறு, பருப்பு, எண்ணெய் ஆகியவை உடலுக்கு எரிபொருளாகவும் கட்டுமானப் பொருளாகவும் பயன்படுகின்றன. இவை நமக்குக் கிராம் கணக்கில் தேவை. விட்டமின்களும் இரும்பு, துத்தநாகம், செலினியம் போன்ற தாதுக்களும் மில்லிகிராம் கணக்கிலும் அதற்கும் குறைவாகவும்தான் தேவைப்படுகின்றன. அதனால் அவற்றை நுண்சத்துகள் என்கிறோம். அளவு சிறிதென்றாலும் வேலை பெரிது. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் உருவாகத் துத்தநாகம் வேண்டும். கண், நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்பூச்சுச் சவ்வுகள் உறுதியாக இருக்க விட்டமின் ஏ வேண்டும்.

உண்மையான பற்றாக்குறை எவ்வளவு கொடியது என்பதற்குச் சீன நாட்டில் ஒரு சான்று உண்டு. வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தில் கெஷான் என்ற வட்டாரத்தில் 1935ஆம் ஆண்டு ஒரு கொடிய இதய நோய் கண்டறியப்பட்டது. குழந்தைகளும் இளம் தாய்மார்களும் இதயத் தசை பழுதாகி மடிந்தார்கள். அந்த மண்ணில் செலினியம் மிகக் குறைவு என்பது பின்னாளில் தெரிய வந்தது. 1970களில் சீன விஞ்ஞானிகள் குழந்தைகளுக்குச் செலினியம் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நோய் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் செலினியம் குறைவு மட்டுமே முழுக் காரணம் என்று சொல்ல முடியவில்லை. நோய் சில பருவங்களில் ஏறியும் இறங்கியும் வந்ததால், ஒரு கிருமிக்கும் பங்கு இருக்கலாம் என்று ஐயம் எழுந்தது. 1995இல் அமெரிக்காவில் மெலிண்டா பெக் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், செலினியம் குறைந்த உணவு தின்ற எலிகளின் உடலில் தீங்கற்ற காக்சாக்கி வைரஸைச் செலுத்தினார்கள். அந்த எலிகளுக்குள் பெருகிய வைரஸ் மரபணு மாற்றம் அடைந்து, இதயத்தைத் தாக்கும் கொடிய வைரஸாகியது. அப்படி மாறிய வைரஸை நல்ல உணவு தின்ற எலிகளுக்குக் கொடுத்தாலும் அவற்றின் இதயமும் பழுதாயிற்று. சத்துக்குறைவு நோயாளியைப் பலவீனமாக்குவதோடு, கிருமியையே மாற்றிவிடக் கூடும் என்பதை உலகம் அன்று கண்டது.

ஆகவே நுண்சத்துகள் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவை இன்றியமையாதவை. பிறகு எங்கே சிக்கல் வருகிறது?

உடலுக்குள் ஒரு நெருப்பு

கிருமி உடலுக்குள் நுழைந்தவுடன் உடல் ஓர் எச்சரிக்கை மணியை அடிக்கிறது. வெள்ளை அணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் பொருள்களை இரத்தத்தில் அனுப்புகின்றன. காய்ச்சல் ஏறுகிறது, உடம்பு வலிக்கிறது, பசி போகிறது. இதைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். அழல் என்றால் நெருப்பு. தமிழில் எவ்வளவு பொருத்தமான சொல், பாருங்கள்! அளவோடு இருந்தால் இந்த நெருப்பு கிருமியை எரிக்கும். கட்டு மீறினால் வீட்டையே எரிக்கும். கடுமையான கோவிட் நோயில் பலர் உயிரிழந்ததற்கு இந்தக் கட்டு மீறிய அழற்சியும் ஒரு முக்கியக் காரணம்.

நெருப்பு எவ்வளவு எரிகிறது என்று அளக்க ஒரு பரிசோதனை உண்டு. சி.ஆர்.பி. என்று அறிக்கையில் போட்டிருப்பார்கள். 1930இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆய்வுக் கழகத்தில் கண்டறியப்பட்ட புரதம் இது. இன்டர்லூக்கின்-6 கட்டளையிட்டவுடன் கல்லீரல் இதை உற்பத்தி செய்கிறது. நலமாக உள்ளவரிடம் பொதுவாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கும். கடுமையான நோயில் 100, 200 என்று தாவும்.

இந்த நேரத்தில் கல்லீரல் தன் வேலைப் பட்டியலையே மாற்றிக்கொள்கிறது. போருக்குத் தேவையானவற்றை அதிகமாகவும் மற்றவற்றைக் குறைவாகவும் உற்பத்தி செய்கிறது. விட்டமின் ஏயையும் விட்டமின் டியையும் இரத்தத்தில் சுமந்து செல்லும் புரதங்கள் குறைகின்றன. வண்டி குறைந்தால் வண்டியில் போகும் சரக்கும் குறைவாகத்தானே தெரியும்? துத்தநாகம் இரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் இழுக்கப்படுகிறது. இரும்போ உடலின் கிடங்குகளில் பூட்டப்படுகிறது; கிருமிகளுக்கும் இரும்பு வேண்டுமாதலால், அவற்றுக்குக் கிடைக்காமல் செய்ய உடல் கையாளும் தந்திரம் அது. ஹெப்சிடின் என்ற ஒரு சுரப்புதான் அந்தப் பூட்டு. இதற்கு மாறாக, இரத்தத்தில் செம்பின் அளவு கூடுகிறது. அதைச் சுமக்கும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாக உற்பத்தி செய்வதே காரணம்.

ஆசிரியராக இருந்தவன் என்பதால் ஓர் உவமை சொல்கிறேன். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளன்று கல்வி இலாகா அதிகாரி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நேரே வகுப்பறைக்குள் போகிறார். 40 மாணவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் 6 பேர் இருக்கிறார்கள். “இந்தப் பள்ளியில் மாணவர்களே இல்லை” என்று அவர் எழுதிக்கொண்டு போனால் சரியாகுமா? பிள்ளைகள் திடலில் இருக்கிறார்கள். வகுப்பறையில் எண்ணிக்கை குறைந்தது உண்மை, பள்ளியில் குறையவில்லை. இரத்தம் என்பது வகுப்பறை. உடல் முழுவதும் பள்ளி. கடுமையான காய்ச்சலின்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனை, விளையாட்டு நாளன்று எடுத்த வருகைப் பதிவு.

இது வெறும் உவமை என்று நினைக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சையும் அழற்சியை உண்டாக்கும். ஸ்காட்லாந்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டே நாளில் சி.ஆர்.பி. உயர்ந்து, விட்டமின் டி குறிப்பிடத்தக்க அளவு இறங்கியிருந்தது. இரண்டு நாளில் யாருக்கும் வெயில் பற்றாமல் போய்விடுவதில்லை. அழற்சிதான் அந்த எண்ணை இறக்கியது. 2012இல் கிளாஸ்கோ மருத்துவமனை ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பரிசோதனைகளைத் தொகுத்து ஒரு வழிகாட்டும் அளவையே கொடுத்தார்கள். சி.ஆர்.பி. 20க்கு மேல் போனால் துத்தநாக அளவை நம்பி முடிவெடுக்க முடியாது. 10க்கு மேல் போனால் செலினியம், விட்டமின் ஏ, விட்டமின் டி ஆகியவற்றின் அளவுகளையும், 5க்கு மேல் போனாலே விட்டமின் சி, பி6 ஆகியவற்றின் அளவுகளையும் நம்பி முடிவெடுக்க முடியாது. மருத்துவமனைக் கட்டிலில் சி.ஆர்.பி. 150 உள்ள நோயாளியின் விட்டமின் அறிக்கையை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு வாதாடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிட்டின் என்ற எண்

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட விரும்புகிறேன். பெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். சாதாரண நாளில் அது குறைந்தால் உடலில் இரும்பு குறைவு என்று பொருள். ஆனால் அழற்சி வந்தால் பெரிட்டின் தானாகவே ஏறும். கடுமையான கோவிட்டிலும் கடுமையான டிங்கிக் காய்ச்சலிலும் அது பல மடங்கு உயரக் காணலாம். டிங்கி நமக்குப் புதியதன்று. நம் வட்டாரத்தில் கொசு இருக்கும் வரையில் அதுவும் இருக்கும்.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு இரும்பு அதிகமாகிவிட்டது, இனி முருங்கைக்கீரை கொடுக்கக்கூடாது” என்று நிறுத்திய குடும்பத்தை நான் அறிவேன். அந்த அம்மையாருக்கு நெடுநாளாகவே இரத்தச்சோகை. நோய் தணிந்த பிறகு மீண்டும் பரிசோதித்தபோது பெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. நெருப்பின் புகை உண்மை நிலையை மறைத்திருந்தது. ஆகவே நோயின்போது குறைந்து தெரிவதெல்லாம் குறைவும் அன்று, கூடித் தெரிவதெல்லாம் மிகுதியும் அன்று.

கொடுத்துப் பார்த்தார்கள், என்ன ஆயிற்று?

சரி, குறைவாகத் தெரிகிறது. எதற்கும் கொடுத்து வைப்போமே, கெடுதல் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை வாதத்தில் கிடைக்காது. கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதையும் முறையாகச் செய்ய வேண்டும். குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு அதைப் போன்ற வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிட வேண்டும்.

குலுக்கல் எதற்கு? நமக்கு அருகிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2020இல் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் கோவிட் கண்ட முதிய நோயாளிகள் 43 பேரைக் கவனித்தார்கள். 17 பேருக்கு விட்டமின் டி, மெக்னீசியம், விட்டமின் பி12 மூன்றும் கொடுக்கப்பட்டன. 26 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டவர்களில் 3 பேருக்கும் கொடுக்கப்படாதவர்களில் 16 பேருக்கும் பிராணவாயு தேவைப்பட்டது. எவ்வளவு பெரிய வேறுபாடு! ஆனால் இரு பிரிவினரையும் குலுக்கல் தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணிக்கையும் சிறியது. வயதிலும் உடல்நிலையிலும் அவர்கள் ஒத்தவர்களாக இருந்தார்கள் என்று உறுதி கூற முடியாது. ஆகவே பெரிய ஆய்வு தேவை என்று அந்த மருத்துவர்களே எழுதினார்கள். நம்பிக்கை தரும் குறிப்பு அது; தீர்ப்பு அன்று.

தீர்ப்பு பின்னர் வந்தது. பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரில் மருத்துவமனையில் சேர்ந்த 240 கோவிட் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஒரே தடவையில் 200,000 அலகு விட்டமின் டி கொடுத்தார்கள். இரத்தத்தில் அளவு நன்றாகவே உயர்ந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாள்கள் இரு பிரிவினருக்கும் ஒன்றாகவே இருந்தன. மரணத்திலும் பயன் தெரியவில்லை. 2021இல் இது வெளியாயிற்று. அதே ஆண்டு அமெரிக்காவில், வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற 214 பேருக்கு அதிக அளவில் துத்தநாகமும் விட்டமின் சியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு, பயன் ஏதும் காணாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 2022இல் பிரிட்டனில் 6,200 பேரிடம் நடந்த ஆய்வில், விட்டமின் டி குறைந்தவர்களைக் கண்டறிந்து மாத்திரை கொடுத்தும் கோவிட் தொற்று குறையவில்லை.

விட்டமின் சியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. கடுமையான நோயில் அது உண்மையாகவே செலவாகிக் குறைகிறது. அப்படியானால் ஊசி வழியாகக் கொடுத்தால் நல்லதுதானே? தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கடுமையான நச்சுத்தொற்றுடன் இருந்த 872 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. உயிரிழப்போ நீடித்த உறுப்புச் செயலிழப்போ நேர்ந்தவர்கள், விட்டமின் சி பெற்ற பிரிவில் நூற்றுக்கு 44.5 பேர், பெறாத பிரிவில் 38.5 பேர். கொடுத்தவர்களுக்கே நிலை மோசமாயிற்று. கெடுதல் என்ன என்ற கேள்விக்கு விடை இதுதான்.

அப்படியானால் கோவிட்டில் உயிரைக் காத்தது எது? நெருப்பைத் தணித்த மருந்து. 2020 ஜூன் மாதம் பிரிட்டனில் நடந்த ஒரு பேராய்வின் முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்தை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் இறப்பு நூற்றுக்கு 41.4 என்பதிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. பிராணவாயு மட்டும் பெற்றவர்களில் 26.2 என்பது 23.3 ஆயிற்று. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயனில்லை. அவர்களிடம் அணைக்க வேண்டிய பெருநெருப்பு இல்லை. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொன்னதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

விட்டமின் வென்ற இடம்

ஆனால் எல்லா இடத்திலும் விட்டமின் தோற்றது என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. தட்டம்மையின் வரலாற்றைக் கேளுங்கள்.

1932இல் இலண்டன் கிரோவ் மருத்துவமனையில் எல்லிசன் என்ற மருத்துவர், தட்டம்மை கண்ட 600 குழந்தைகளில் பாதிப் பேருக்கு விட்டமின் ஏ, டி நிறைந்த மருந்தைக் கொடுத்தார். கொடுக்கப்பட்ட 300 பேரில் 11 குழந்தைகளும் கொடுக்கப்படாத 300 பேரில் 26 குழந்தைகளும் இறந்தார்கள். ஏனோ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1980களில் மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், சுமத்திராவின் ஆச்சே மாநிலத்தில், ஆல்பிரட் சோமர் என்ற கண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 450 கிராமங்களில் ஆய்வு நடத்தினார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை விட்டமின் ஏ கொடுக்கப்பட்ட கிராமங்களில் குழந்தை இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 1990இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஹஸ்ஸி, கிளைன் என்ற இரு மருத்துவர்கள், கடுமையான தட்டம்மையோடு மருத்துவமனையில் சேர்ந்த 189 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். அக்குழந்தைகளில் நூற்றுக்கு 92 பேருக்கு இரத்தத்தில் விட்டமின் ஏ குறைவாக இருந்தது. இறந்த 12 குழந்தைகளில் 10 பேர் வெறும் மருந்து பெற்ற பிரிவினர். விட்டமின் ஏ பெற்றவர்களில் இறந்தவர்கள் 2 பேர். நுரையீரல் அழற்சியும் அவர்களுக்குப் பாதி நாளில் தணிந்தது.

இரத்தத்தில் எண் குறைந்தது கோவிட்டிலும் நடந்தது, தட்டம்மையிலும் நடந்தது. ஓரிடத்தில் கொடுத்தது பலன் தந்தது, மற்றோரிடத்தில் தரவில்லை. தட்டம்மை வைரஸ் கண், நுரையீரல், குடல் ஆகியவற்றின் சவ்வுகளைச் சிதைக்கிறது. அவற்றைச் செப்பனிட விட்டமின் ஏ தேவை. காய்ச்சலில் அது சிறுநீரோடும் வெளியேறுகிறது. ஏற்கெனவே கையிருப்புக் குறைந்த ஏழைக் குழந்தைக்கு அது தாங்காது. அங்கே பள்ளியே காலியாகிக்கொண்டிருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு நிலையும் ஒன்று போலத் தோன்றும். பிரித்துக் காட்டியது முறையான ஆய்வு ஒன்றுதான்.

அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு விட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 200,000 அலகு, அடுத்தடுத்த இரண்டு நாள், மருத்துவரின் கையால். அதோடு நிறுத்திவிட வேண்டும். 2025இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது, வீட்டிலேயே அளவுக்கு மீறி விட்டமின் ஏ கொடுக்கப்பட்ட சில குழந்தைகளிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டன. விட்டமின் ஏ தடுப்பூசிக்கு மாற்றாகாது. தட்டம்மை வராமல் காப்பது தடுப்பூசிதான்.

குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை

இப்போது நான் சொல்ல வந்தவற்றுள் முக்கியமானதைச் சொல்கிறேன். தந்தையைக் கோவிட்டில் பறிகொடுத்த ஒரு பெண் என்னிடம் வந்தார். அவர் கையில் அந்த இரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது. அதை மடித்து மடித்துக் கிழியும் நிலைக்குக் கொண்டு வந்திருந்தார். “விட்டமின் டி இவ்வளவு குறைந்திருக்கிறது சார். அண்ணன் மாத்திரை வாங்கிக் கொடு என்று சொன்னார். எனக்கு அப்போது வேலையில்லை, வாங்கவில்லை. நான்தான் அப்பாவைக் கொன்றுவிட்டேன்” என்று அழுதார். அண்ணனும் தங்கையும் அதன் பிறகு பேசிக்கொள்வதில்லை என்றும் சொன்னார்.

அந்தத் தாளில் விட்டமின் டியின் வரிக்குச் சற்று மேலே சி.ஆர்.பி. 180 என்று இருந்தது. நான் அதைக் காட்டினேன். “அம்மா, இந்த எண் உன் அப்பாவின் உடலில் எரிந்த நெருப்பு. அந்த எண் அதன் புகையாக இருக்கலாம். புகையைக் கண்டு நீ உன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்ளாதே. நீ மாத்திரை வாங்கியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை” என்றேன். ஓர் எண்ணைத் தவறாகப் படிப்பதால் பணம் மட்டும் போவதில்லை, குடும்பமே பிரிகிறது. இந்த மண்டபத்தில் அப்படி ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு யாரேனும் உட்கார்ந்திருந்தால், அதை இன்றே இறக்கி வைத்துவிடுங்கள்.

நாம் செய்யக் கூடியவை

இறுதியாகச் சில நடைமுறைக் கருத்துகள்.

முதலாவது, நோயுற்று மருத்துவமனையில் இருப்பவருக்குத் தாதிக்குத் தெரியாமல் எந்தச் சத்து மாத்திரையும் கொடுக்காதீர்கள். விட்டமின் டி அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் பழுதாகலாம். துத்தநாகத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் உடலில் செம்பு குறைந்துவிடும்.

இரண்டாவது, மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மாத்திரைகளை என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உண்மையான பற்றாக்குறை உள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே வராத முதியோருக்கு விட்டமின் டி குறையலாம். நீரிழிவுக்கு மெட்போர்மின் மாத்திரையை நெடுநாளாக உண்பவர்களுக்கு விட்டமின் பி12 குறையலாம். பெண்களிடம் இரத்தச்சோகை பரவலாக உள்ளது. இவற்றைக் கண்டறிந்து சரிசெய்வது அவசியம்.

மூன்றாவது, அந்தப் பரிசோதனையை நலமாக உள்ள நாளில் செய்யுங்கள். நோயின்போது எடுத்த அறிக்கையில் குறைவு தெரிந்தால், குணமாகிச் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். “அப்போது சி.ஆர்.பி. எவ்வளவு இருந்தது, டாக்டர்?” என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். தவறில்லை.

நான்காவது, கையிருப்பை நோய் வருமுன் சேர்க்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கரை கட்ட முடியாது. முருங்கைக்கீரை, பசளை, பப்பாளி, பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கொய்யா, பருப்பு வகைகள், பால், தயிர் ஆகியவை நம் பசாரில் கிடைப்பவைதாம். அசைவம் உண்போருக்கு முட்டையும் நெத்திலியும் மலிவான நல்ல உணவுகள். மாதம் 400 வெள்ளி மாத்திரைக்குச் செலவிடும் குடும்பம், அதில் பாதியைக் காய்கறிக்குச் செலவிட்டாலே வீட்டில் உள்ள அனைவருக்கும் பயன்படும்.

ஐந்தாவது, தடுப்பூசிகளைத் தள்ளிப் போடாதீர்கள். குழந்தைகளுக்கும் சரி, முதியோருக்கும் சரி.

நமது மருத்துவ உதவி நிதியைப் பொறுத்தவரை, சத்து மாத்திரைக்கான விண்ணப்பத்தோடு மருத்துவரின் கடிதம் ஒன்றையும் இணைக்கும்படி கேட்டிருக்கிறோம். இதனால் சிலருக்கு மனவருத்தம் உண்டு என்பதை அறிவேன். உதவியை மறுப்பது எங்கள் நோக்கமன்று. உண்டியலில் விழும் ஒவ்வொரு வெள்ளியும் யாரோ ஒருவர் உழைத்துத் தந்தது; அது உண்மையாகவே பயன்படும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கடிதம் வாங்க வழி தெரியாதவர்கள் திங்கட்கிழமை மாலைகளில் அலுவலகத்துக்கு வாருங்கள். மருத்துவமனைக்கு உங்களோடு நானே வருகிறேன். அறிக்கையை ஒன்றாக உட்கார்ந்து படிப்போம்.

 அடுத்து மகளிர் பிரிவினர் கீழ்த்தளத்தில் கீரை சமையல் விளக்கம் வைத்திருக்கிறார்கள். தவறாமல் கலந்துகொள்ளுங்கள்.